மூச்சு மிஷினுக்கு ஒரு பொட்டு

இன்று காலை வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. மகன் கைப்பேசியிலேயே பார்த்து, கைப்பேசியிலேயே வாங்கியது. பிரித்தால், பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கருவி. மலேசியாவில், சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங் பகுதியில் எங்களுடையது வரிசை வீடு. கார் நிறுத்துகிற இடத்தில் பாதியை மறித்துச் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறான். காரின் பின்பாதி தெருவில் நிற்கிறது, மீன்கள் வசதியாக இருக்கின்றன. அந்த மீன்கள் மூச்சு விடுவதற்குத் தண்ணீரில் போதுமான ஆக்சிஜன் கரைந்திருக்கிறதா என்று இந்தக் கருவி சொல்லுமாம்.

நான் அதைக் கையில் எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன்.

மகன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏம்மா மோந்து பாக்குறீங்க? அது என்ன கருவாடா?"

"பழக்கம்டா," என்றேன். என்ன பழக்கம் என்று அவன் கேட்கவில்லை. "இது வெளிச்சத்தால அளக்குதும்மா. கழட்ட வேணாம், மாத்த வேணாம், ஒரு வேலையும் இல்ல," என்று தானே கண்டுபிடித்த மாதிரி பெருமையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான். ஒரு வேலையும் வைக்காத சென்சார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சந்தன வாசம் வந்தது. இன்று ஆயுத பூஜை. பக்கத்து வீட்டு சுரேஷ் கையில் கிண்ணத்தோடு தன் வேனுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, துணி துவைக்கிற மிஷினுக்கு, மகளின் மடிக்கணினிக்கு என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் கார் வேலியை ஒட்டித்தான் நிற்கிறது. கையை நீட்டினால் எட்டும். அவர் என்னைப் பார்த்து, "குட் மார்னிங் ஆண்ட்டி," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு திரும்பிப் போனார். நல்ல பிள்ளை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும்.

கையில் ஆக்சிஜன் சென்சார், மூக்கில் சந்தனம். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு என்ன ஞாபகம் வரும் என்பதைச் சொல்லாமல் உங்களை விடுவதாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் எனக்கு வேலை. ஸ்டோர் என்றால் சாமான் போட்டு வைக்கிற இடமில்லை. மரத்தில் எடுத்த பாலைக் கொண்டுவந்து ரப்பராக்குகிற ஆலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே ரப்பர் தயாராகிற அளவுக்கு அழுக்குத் தண்ணீரும் தயாராகும். முன்பெல்லாம் அதைப் பேசாமல் ஆற்றில் விட்டுவிடுவார்கள். பிறகு அரசாங்கம் சட்டம் போட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்துதான் விடவேண்டும் என்றது. எங்கள் ஸ்டோருக்குப் பின்னால் குளம் குளமாக வெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வடிகிற மாதிரி செய்தார்கள். முதல் குளம் கன்னங்கரேல் என்று கொப்பளித்துக்கொண்டிருக்கும். கடைசிக் குளம் பாசி பிடித்துப் பச்சையாக, பார்க்க ஓரளவு யோக்கியமாக இருக்கும். அந்தக் கடைசிக் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று தினமும் அளக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் அறிவியலில் சுமாராகத் தேறியிருந்த நான்தான் அந்த ஆள்.

முதலில் நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். புளித்த பாலும், ஆசிட்டும், அழுகிய முட்டையும் சேர்ந்த ஒரு வாடை. அது தலைமுடிக்குள் குடியேறிவிடும். சாயங்காலம் சுங்கை பட்டாணி பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. இவ்வளவு சொகுசாகப் பயணம் செய்த பெண் அந்த வழித்தடத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்கும்போதும் எனக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். என் குரலுக்குப் பயந்து என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீட்டர் ஒரு பள்ளிக்கூடப் பெட்டி அளவு இருக்கும். முகப்பில் ஆடுகிற முள். பெட்டியிலிருந்து நீளமான கேபிள், கேபிளின் நுனியில் கட்டைவிரல் பருமனில் சென்சார். அதைக் குளத்தில் இறக்கிச் சும்மா வைத்திருந்தால் போதாது. சுற்றியிருக்கிற ஆக்சிஜனை அதுவே தின்றுவிட்டு முள்ளைக் கீழே இறக்கும். அதனால் மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் கரையில் நின்று கேபிளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பால் லாரியில் போகிறவர்கள், "என்னா தங்கச்சி, கெளுத்தி மாட்டுச்சா?" என்று கத்திக்கொண்டு போவார்கள். தினமும் இதே கேள்வி. தினமும் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரிப்பு வேறு.

மீட்டர் வைத்திருந்த லேப்பைக் கூட்டித் துடைக்க வருகிற முனியம்மாக்கா முதல் வாரமே கேட்டார். "இது என்னாத்துக்கும்மா?"

"தண்ணிக்குள்ள மூச்சு இருக்கான்னு பாக்குறதுக்குக்கா."

அக்கா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். மறுநாள் ஸ்டோர் முழுக்க அதன் பெயர் மூச்சு மிஷின் என்றாகிவிட்டது. தோட்டத்து மேனேஜர் தொரைகூட ஒருநாள் அவசரத்தில் அப்படியே சொன்னார்.

அந்த சென்சாரை வைத்துக் காப்பாற்றுவது சம்பந்தி வீட்டாரை வைத்துக் காப்பாற்றுகிற மாதிரி. கொஞ்சம் கவனிப்புக் குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் முனையில் தங்கத்தில் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி வெள்ளி. நிஜத் தங்கம், நிஜ வெள்ளி. அதன்மேல் ஒரு சொட்டு உப்புக் கரைசல். அதையெல்லாம் மூடி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஒரு சவ்வு. சவ்வைப் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் வளையம். சவ்வில் சுருக்கம் விழக்கூடாது. உள்ளே கடுகளவு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. குமிழி இருந்தால் முள் குடித்தவன் மாதிரி தள்ளாடும். சவ்வு காயாமல் இருக்க, அளக்காத நேரத்தில் ஈரப் பஞ்சு வைத்த ஒரு புட்டிக்குள் முனையைச் செருகி வைக்க வேண்டும். முதல் மாதம் நான் வீணாக்கிய சவ்வுகளைச் சேர்த்தால் ஒரு பொம்மைக்குப் பாவாடை தைத்திருக்கலாம்.

கொப்பளிக்கிற அந்த முதல் குளத்துக் காற்றுக்கு வெள்ளி கறுத்துப்போகும். அதை அமோனியா கலந்த தண்ணீரில் கழுவச் சொல்லி மீட்டரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதற்குப் பஞ்சமில்லை. பால் கட்டிவிடாமல் இருக்க ஊற்றுகிற அமோனியா எங்கள் ஸ்டோரில் டிரம் டிரம்மாக இருந்தது. ஆனால் அந்த ரப்பர் வளையம் இருக்கிறதே, அது மட்டும் கிடைக்காது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம், உள்ளே மலை மலையாக ரப்பர். மோதிரத்தில் பாதி அளவு ஒரு ரப்பர் வளையத்துக்கு நாங்கள் பினாங்கிலிருக்கிற ஏஜெண்டுக்கு எழுதிப்போட்டுக் காத்துக்கொண்டிருப்போம். இதைச் சொல்லிச் சொல்லி ஸ்டோர் மண்டோர் கோவிந்தண்ணே வயிறு குலுங்கச் சிரிப்பார்.

கோவிந்தண்ணேதான் ஸ்டோரின் வேலையாட்களுக்கெல்லாம் தலைவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். மிஷின்களைப் பெயர் சொல்லித் திட்டுவார், பிறகு தட்டிக்கொடுப்பார். தங்கம் வெள்ளி விஷயத்தை நான் ஒருநாள் வாய்தவறி முனியம்மாக்காவிடம் சொல்ல, அவர் கோவிந்தண்ணேயிடம் சொல்ல, அன்றிலிருந்து மூச்சு மிஷினுக்கு ஸ்டோரில் தனி மதிப்பு வந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு அது தற்காலிக வேலை. அப்பா சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர். வீட்டில் அவர் டெட்டால் வாசத்தோடு வருவார், நான் குளத்து வாசத்தோடு வருவேன், நடுவில் அம்மா ஜன்னலைத் திறப்பார். பண்டார் பாருவில் எங்கள் தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். இரண்டு கடை, நல்ல குடும்பம், நல்ல குணம், எல்லாம் சரி. ஆனால் அவர் ஆர்மோனியம் வாசிப்பார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தவர், சாயங்காலத் தேநீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதனால் எங்கள் முகங்களை அவர் பார்க்க வாய்ப்பே இல்லை.

அப்பா கடைசியில் ஒரு முடிவு சொன்னார். "இந்த வருஷத்துக்குள்ள வேல நிரந்தரமாச்சுன்னா உன் இஷ்டம். இல்லன்னா பண்டார் பாரு. அப்புறம் என்னை ஒன்னும் சொல்லக்கூடாது."

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாற்றத்தோடு சேர்த்தே பிடித்திருந்தது. காலையில் போய்ப் புட்டியிலிருந்து சென்சாரை எடுக்கும்போது, உலகத்தில் இந்த ஒரு காரியம் எனக்குத் தெரியும், இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று ஒரு கர்வம் வரும். அதை விட்டுவிட்டு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார மனசு வரவில்லை.

வருஷம் முடியச் சில மாதங்கள் இருக்கும்போது தொரை கூப்பிட்டார். அரசாங்கத்திலிருந்து அதிகாரி குளங்களைப் பார்க்க வருகிறார், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு. கடைசிக் குளத்தில் அவர் கண்முன்னே அளந்து காட்ட வேண்டும். அளவு சரியாக இருந்தால் உன்னை நிரந்தரமாக்குகிறேன் என்றார். சரியாக இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. என் காதில் ஆர்மோனியம் கேட்டது.

பினாங்கிலிருந்து வர வேண்டிய சவ்வு வந்தபாடில்லை. கையில் இருந்தது இரண்டு. அதில் ஒன்றை பூஜைக்கு முந்தைய நாள் மாட்டினேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் ஒரு சவ்வை மாட்டியதில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குமிழி இல்லை. புட்டிக்குள் வைத்து, மீட்டரை மேசையில் வைத்து, லேப்பைப் பூட்டி, சாவியை வழக்கம்போல முனியம்மாக்காவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பூஜையன்று ஸ்டோருக்கு விடுமுறை.

அதற்கு மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஸ்டோரே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரப்பரை அழுத்திப் பிழிகிற உருளைகளுக்கெல்லாம் மாவிலைத் தோரணம். லாரிக்கு வாழைக்கன்று. தராசுக்கு மாலை. எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். ரசித்துக்கொண்டே போய்ச் சாவியை வாங்கி லேப்பைத் திறந்தேன்.

மீட்டரின் முகப்பில் மூன்று பட்டை திருநீறு. பெட்டியைச் சுற்றிச் செவ்வந்தி மாலை. கேபிளில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. புட்டிக்குள் இருந்த ஈரப் பஞ்சைக் காணோம், அதற்குப் பதில் கழுவின வெற்றிலை. சென்சார் வெளியே, ஒரு எவர்சில்வர் தட்டில், பட்டுத் துணி மேல் படுத்திருந்தது. அதன் முனையில், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிய அந்தச் சவ்வின் மேல், கட்டைவிரலால் அழுத்தி வைத்த சந்தனம். நடுவில், தங்க வட்டத்துக்கு நேராக, குங்குமப் பொட்டு. அழுத்தின வேகத்தில் நகம் பட்டுச் சவ்வு கிழிந்து, சந்தனம் உள்ளேயும் போயிருந்தது.

நான் அதுவரை அந்த ஸ்டோரில் குரலை உயர்த்திப் பேசியவள் இல்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் உருளைப் பக்கம் நின்றவர்கள்கூட ஓடிவந்தார்கள். "யாரு இதத் தொட்டது? யாரு?"

கோவிந்தண்ணே முன்னால் வந்தார். நெற்றி நிறைய சந்தனம், முகம் நிறைய மலர்ச்சி. "நான்தான் தங்கச்சி. நல்லா வச்சிருக்கேனா?"

"முனையில போய் யாராவது வைப்பாங்களாண்ணே? போச்சு, எல்லாம் போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபீசர் வந்துருவாரு. என் வேல போச்சு!" சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதுதானேம்மா அதோட மூஞ்சி? தங்கம் வேற இருக்குன்னு சொன்னாங்க. வேற எங்க வைக்கிறது?"

"ஏன் வைக்கணும்? நான்தான் சர்ச்சுக்குப் போற ஆளுன்னு தெரியும்ல? இத விட்டிருக்கலாம்ல?"

அவர் மீசையைத் தடவினார். முனியம்மாக்காவைப் பார்த்தார். பிறகு, அவர் சாதாரணமாகப் பேசவே மாட்டாத ஒரு தாழ்ந்த குரலில், "எல்லாத்துக்கும் வச்சுக்கிட்டே வந்தோம்மா. தராசுக்கு வச்சோம், வெளக்குமாத்துக்குக்கூட வச்சோம். ஒன்னோடத மட்டும் தாண்டிப் போனா, அது ஏதோ வெளியாளு சாமான் மாதிரி ஆயிடும்லா. மனசு கேக்கல," என்றார்.

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் வேறு அழுகையாகிவிட்டது. விளக்குமாற்றுக்குப் பிறகுதான் என் மீட்டர் என்பதைக்கூட நான் பிற்பாடுதான் கவனித்தேன்.

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. முனையைப் பிரித்து, அமோனியாத் தண்ணீரில் கழுவினேன். சந்தனம் லேசில் போகிற சாமானா? வளையம் உட்கார்கிற பள்ளத்தில் ஒட்டிக்கொண்டது. தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றித் தோண்டினேன். கோவிந்தண்ணே தன் தவறுக்குப் பரிகாரமாக என் தலைக்குமேல் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டப்பகலில். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. கடைசிச் சவ்வை எடுத்தேன். உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டி, குமிழி போக்கி, சவ்வை இழுத்து வளையத்தை மாட்டினேன். ஒரு குமிழிகூட இல்லை. லேப்பில் இருந்தவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

அந்த நேரம் வாசலில் ஜீப் சத்தம். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி எட்டரைக்கே வந்துவிட்டார்.

இது ஏன் பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டும். கடைசிக் குளத்தில் இருக்கிற பாசி வெயில் பட்டால்தான் ஆக்சிஜன் விடும். இரவெல்லாம் அதுவும் தண்ணீரில் இருக்கிற மற்ற உயிர்களும் சேர்ந்து ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் குளம் மூச்சு வாங்கும், பத்து மணிக்குமேல்தான் முள் தெம்பாக எழும்பும். தொரை பத்து மணி என்று கேட்டு வாங்கியதே அதற்குத்தான். எட்டரை மணிக்கு அளந்தால் பண்டார் பாருதான்.

அதிகாரி நடுத்தர வயசு மலாய்க்காரர், ஒல்லி, கறாரான முகம். நாங்கள் அளப்பதை அவர் நம்புவதாக இல்லை. தன் மீட்டரையே கொண்டுவந்திருந்தார். தோல் உறை போட்ட, எங்களுடைய மாதிரியே ஒன்று. மேசையில் வைத்துத் திருகினார். முள் அசையவில்லை. இன்னும் திருகினார். தட்டினார். முள் அதுபாட்டுக்குப் படுத்திருந்தது. சென்சாரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. ஜீப்பிலேயே கிடந்து சவ்வு காய்ந்து, காய்ந்த பலாச்சுளைத் தோல் மாதிரி சுருங்கியிருந்தது.

கறாரான முகத்தில் வியர்வை அரும்பியது. என்னைப் பார்த்து மெதுவாக, "உங்களிடம் சவ்வு இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். நிரந்தரம் இல்லாத ஓர் ஆள் இன்னோர் ஆளைப் பார்க்கிற பார்வை அது. அவருக்கு மேலேயும் யாரோ ஒரு தொரை இருந்திருப்பார்.

"தனியாக இல்லை என்சிக். இதில் மாட்டியிருப்பதுதான் கடைசி," என்று மரியாதையாகச் சொல்லி என் சென்சாரைக் காட்டினேன். இரண்டும் ஒரே கம்பெனி. என் சென்சாரைக் கழற்றி அவர் பெட்டியில் சொருகிக்கொள்ளலாம் என்றேன். அவர் முகத்தில் உயிர் வந்தது.

சொருகினார். முள் துள்ளி எழுந்தது. ஆனால் உடனே அளக்க முடியாது. புதுச் சவ்வு, புது இணைப்பு. முள் ஆடி அடங்கி ஒரு நிலைக்கு வர நேரம் கொடுக்க வேண்டும், பிறகு ஈரக் காற்றில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். அந்த இடைவெளிக்காகவே பிறந்தவர் மாதிரி முனியம்மாக்கா உள்ளே வந்தார். ஒரு கையில் தேநீர், ஒரு கையில் ஆவி பறக்கிற மரவள்ளிக்கிழங்கு, மேலே தேங்காய்ப்பூ, ஓரத்தில் மிளகாய் அரைத்த சம்பால். என் காதருகில் குனிந்து, "சாமிக்குப் படைச்சது இல்லம்மா. அவருக்குன்னு வீட்டுல தனியா அவிச்சேன்," என்றார். எனக்கு மட்டும் நேற்றுப் படைத்த சுண்டலை அப்படியே நீட்டினார். என் விஷயத்தில் அக்காவுக்கு அந்த யோசனையெல்லாம் வந்ததே இல்லை. வீட்டில் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நானாகத்தான் வேகமாகச் சாப்பிட்டேன்.

அதிகாரி கிழங்கை ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாவது முறை வாங்கினார். கோவிந்தண்ணே வாசலில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மெதுவாக லேப்பின் படியேறி உள்ளே வந்தது.

முள் நிலைக்கு வந்ததும் அதிகாரி சென்சாரை எடுத்துப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். இன்னொரு முறை முகர்ந்தார். "வாசனையாக இருக்கிறதே?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. வேலை செய்கிற சாமான்களுக்கெல்லாம் நன்றி சொல்கிற நாள் ஒன்று உண்டு, நேற்று அந்த நாள், இதையும் விட்டுவிட இவர்களுக்கு மனசு வரவில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் கோவிந்தண்ணேயைப் பார்த்தார். கோவிந்தண்ணே டார்ச் விளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எங்கள் ஆபீசில் இதை யாரும் துடைப்பதுகூட இல்லை," என்றார் அதிகாரி. அவ்வளவுதான் சொன்னார்.

குளத்துக்குப் போனோம். அதிகாரியே கேபிளைப் பிடித்து ஆட்டினார். கரையில் ஸ்டோரே கூடி நின்றது. அந்த நேரம் பால் லாரி ஒன்று கடந்து போனது. வழக்கமான கேள்வியைக் கேட்க வாயைத் திறந்த ஆளைக் கோவிந்தண்ணே ஒரு பார்வையிலேயே அடக்கிவிட்டார். முள் மெல்ல எழும்பியது. பாதியில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆர்மோனியம் வாசிப்பவர் ஏன் கண்ணை மூடுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. திறந்தபோது முள் வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றுகொண்டிருந்தது. அதிகாரி, "பாகூஸ்," என்றார், பிரமாதம் என்று. அந்த ஒரு வார்த்தை மலாய் தெரியாதவர்கள் அந்தக் கரையில் யாரும் இல்லை. முனியம்மாக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், என் தலைமுடி வாசத்தையும் பொருட்படுத்தாமல்.

வேலை நிரந்தரமானது. பண்டார் பாரு மாப்பிள்ளைக்குப் பாடத் தெரிந்த பெண்ணே கிடைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பதாகக் கேள்வி. கடவுள் நல்லவர்.

ஆனால் கோவிந்தண்ணே இருக்கிறாரே, ஸ்டோரைக் காப்பாற்றியது தன் சந்தனம்தான் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அது வெயில்ணே. பாசிக்கு வெயில் பட்டதால ஆக்சிஜன் ஏறுச்சு," என்று எத்தனையோ முறை விளக்கினேன். "சரிம்மா, அந்த வெயிலுக்கு யாரு காலையில கும்புடு போட்டா?" என்பார். அதற்குமேல் அறிவியலில் சுமாராகத் தேறியவளால் என்ன சொல்ல முடியும்?

அந்த வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். பூஜைக்கு மீட்டர் கட்டாயம் வரும். பெட்டிக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முனையைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் சவ்வு மாற்றும்போது பள்ளத்தில் சந்தனம் மிச்சம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். ரொம்ப நாளைக்கு இருந்தது. அது போன பிறகும் முகர்வதை விட முடியவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு முனியம்மாக்கா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒங்க பக்கம் மிஷினுக்குன்னு ஒரு நாளு இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாவம் மிஷினு," என்று சொல்லிவிட்டுக் கேக்கில் ஒரு துண்டை மீட்டருக்கு முன்னால் வைத்தார்.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வந்தது, பனையையும் வெட்டிவிட்டு வீடுகள் வந்தன. கடைசிக் குளம் இருந்த இடத்தில் ஒரு கார் கழுவுகிற கடை இருக்கிறது. போன வருஷம் அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. மூச்சு மிஷின் பழைய இரும்புக்காரர் லாரியில் போனது. கோவிந்தண்ணேயும் முனியம்மாக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த நாற்றத்தைக்கூட நான் தேடுகிறேன் என்றால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு உண்மையில் இல்லாமல் போனது வேறொன்று. இப்போது எல்லோரும் ரொம்ப மரியாதையாக இருக்கிறோம். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிறோம். யாரும் யார் சவ்வையும் கிழிப்பதில்லை. என் சாமானைத் தாண்டிப் போக மனசு கேட்காத ஆட்கள்தான் இல்லை.

எழுந்தேன். மகன் வாங்கிய கருவியை எடுத்துக்கொண்டு வேலியருகே போனேன்.

"சுரேஷ் தம்பி, அந்தச் சந்தனம் மிச்சம் இருக்கா? இதுக்கும் ஒரு பொட்டு வைங்க."

அவர் என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். "வைக்கலாமா ஆண்ட்டி? நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாச்சே, அதான் நான்..."

"வைக்கலாம்லா. இது மூச்சு மிஷின். இதுக்கு வச்சுத்தான் பழக்கம்."

சுரேஷின் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். கை வேலியைத் தாண்டி நீண்டது. விரல் நிறையச் சந்தனத்தைத் தொட்டு எடுத்தவர், ஒரு கணம்கூட யோசிக்காமல், நேரே முனைக்குக் கொண்டுபோனார்.

"ஐயோ, முனையில வேணாம்!" என்று கத்தினேன்.